மூன்றாவது எலும்பு

கல்லுக்குள்ளிருந்து எலும்பைத் துலக்கி எடுப்பதுதான் அக்காவுக்கு முப்பது வருஷ வேலை. மியூசியத்தின் பின்கட்டு அறையில் ஒரே மேஜையில் புருஷனும் பெண்டாட்டியுமாக, ஊசியும் பிரஷுமாக உட்கார்ந்து எத்தனையோ பிராணிகளை வெளியே கொண்டுவந்தார்கள். சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். என்ன நாட்கள் அவை! அவர் போய் மூணு வருஷமாகிறது.

கடைசியாக ரெண்டு பேரும் சேர்ந்து துலக்கியது நெட்டைக்கழுத்தன். என்றைக்கோ அழிந்துபோன கடல் ஊர்வன; காலுக்குப் பதில் நாலு துடுப்பு. ஆராய்ச்சி பண்ணும் டாக்டரம்மா, இந்த வகைக்கெல்லாம் முன்துடுப்பில் முழங்கைக்குக் கீழே ரெண்டு எலும்புதான், இதற்கு மூணு இருக்கிறது, ஆகவே இது புது இனம் என்றாள். அக்கா புருஷனை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்; அந்த அண்ணன் பெயரையே அதற்கு வைக்கப்போவதாகவும் சொன்னாள். அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கட்டுரை அனுப்ப ஒரு நாள்தான் பாக்கி. படம் எடுப்பதற்காக அக்கா அந்த மூன்றாவது எலும்பைத் திருப்பினாள். அடியில் ஒரு பெருவிரல் ரேகை. எலும்பில் ரேகை எப்படி விழும், இது அவர் பிளாஸ்டரில் பிடித்துவைத்ததல்லவா!

அட பாவி மனுஷா! உடைந்த இடத்தைப் பிளாஸ்டரால் அடைத்தால் வெளிர் நிறம்தான் பூச வேண்டும், ஒட்டு என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதுதான் முறை. இவருக்கோ ஒட்டு தெரிந்தால் மானம் போய்விடும். கல்பொடியைக் கலந்து அச்சு அசலாக எலும்பு மாதிரியே ஆக்கிவிடுவார். இதற்காக அவரோடு எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்! அவள் லீவில் இருந்த வாரம் பார்த்துச் செய்திருக்கிறார்.

உப்புத்தாளால் ரெண்டு தேய் தேய்த்தால் ரேகை போய்விடும், பெயர் நிற்கும். தாளைக் கையில் எடுத்தும் விட்டாள். ஆனால் தேய்க்கப்போவது அவர் விரலை அல்லவா? மனசு வரவில்லை. பொய்யின் மேல் அவர் பெயர் உட்காரவும் வேண்டாம். எலும்பைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் வைத்தாள்.

டாக்டரம்மா ஊசியால் ஓரத்தைச் சுரண்டினாள். வெள்ளை வெளேரென்று உதிர்ந்தது.

"அக்கா, இது இல்லன்னா இவன் பழைய இனம்தான். அண்ணன் பேரு வைக்க முடியாதே."

"தெரியும்மா."

நாங்கள் அஞ்சு டாக்டர்கள் பார்த்தோம், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லையே என்று டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அஞ்சு டாக்டரை ஏமாத்தியிருக்காரு, பாத்தீங்களா? தெரிஞ்சா ஒரு வாரம் தலைகால் புரியாம ஆடியிருப்பாரு," என்றாள். "போய்ச் சொல்லத்தான் ஆள் இல்ல."