டீத்தூளுக்கும் வேலைக்கும் உள்ள உறவு

நெடுமாறனுக்குப் புள்ளியியல் வந்ததோ இல்லையோ, வந்துவிட்ட தோரணை நன்றாகவே வந்திருந்தது. டீத்தூள் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நெய்வேலியில் யார் எந்த டீத்தூள் வாங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை தர வேண்டும். அது எடுபட்டால் பெர்மனென்ட். பெண் கொடுக்க வருகிறவர்களெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஒரு கட்டம் போட்டான். மேலே சுரங்கத்தில் பெர்மனென்ட், கான்ட்ராக்ட். பக்கவாட்டில் நம் டீத்தூள், வேறு டீத்தூள். வேலைக்கும் டீத்தூளுக்கும் ஒட்டுறவே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விழுவார்கள், நிஜத்தில் விழுந்தது எத்தனை பேர் என்று ஒப்பிடுவதுதான் கை ஸ்கொயர் சோதனை. போட்டுப் பார்த்தான். அடேயப்பா! குவார்ட்டர்ஸில் இருக்கும் பெர்மனென்ட்காரர்கள் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கியிருக்க, கான்ட்ராக்ட் ஆட்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் நம் டீத்தூள். இது தற்செயலாக வர வாய்ப்பு அநேகமாக இல்லையென்றது கணினி. ‘உழைக்கும் வர்க்கத்தின் நாக்கு’ என்று தலைப்பு வேறு வைத்து அறிக்கையை அனுப்பினான். திமிர், வேறென்ன.

அந்தக் குஷியில் சாயங்காலம் லுங்கியோடு பக்கத்து வீட்டுக்குப் போனான். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருக்கும் அய்யனார் வீடு அது. அவர் மனைவி சாமியம்மாள் காபி கொண்டுவந்தாள்.

“டீ போடலியாக்கா?”

“எங்க வூட்ல என்னிக்கி தம்பி டீ போட்டோம்?”

“அண்ணன் நம்ம டீத்தூள்தான்னு சொன்னாரே!”

அய்யனார் நெளிந்தார். “கழுத்துல அட்டைய மாட்டிக்கினு வந்து நின்னீங்க. அட்டை மாட்டுனவங்க என்னா கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லுவோம். இல்லன்னு சொல்லி, சுரங்க கேட்டுல பாஸைப் புடுங்கிட்டா?”

“நான்தாண்ணே அது!”

“தெரியும் தம்பி. இருந்தாலும் அட்டையாச்சே. நம்ம லைன் வூடுங்கள்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க.”

நெடுமாறனுக்கு அப்போதுதான் உறைத்தது. உறவு இருந்தது உண்மைதான்; டீத்தூளோடு இல்லை, பயத்தோடு. சோதனை பாவம், கட்டத்தில் போட்டதைத்தான் எண்ணியது. போட்ட மடையன் இவன்.

போன் அடித்தது. மேனேஜர் ஹரி.

“பிரமாதம் நெடுமாறன்! நாளைக்கே கான்ட்ராக்ட் ஆளுங்க இருக்கற மந்தாரக்குப்பத்துல வண்டி வண்டியா சரக்கு இறக்கறோம். உங்க பெர்மனென்ட் ஆர்டர் ரெடி. நீங்க அங்கயே இருக்கிறவர், டேட்டா சரிதானே?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாக.

“ஆமாங்க சார்.”

போனை வைத்தான். வெட்கத்தில் அவனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அய்யனார் உள்பக்கம் திரும்பினார்.

“ஏ சாமியம்மா, நாளையிலேருந்து தம்பி கம்பெனி டீயே போடு. நம்ம லைன்லயும் சொல்லிடறேன். தம்பி பெர்மனென்ட் ஆவட்டும்.”