அமிர்தவல்லியின் பெருவிரல்

விடியற்காலை ஐந்து மணிக்கே ஞானமேரியின் சீருடை முதுகோடு ஒட்டிவிட்டது. பிள்ளைச்சாவடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஓட்டலின் மசாஜ் பிரிவுக்கு எண்ணெய் காய்ச்ச வேண்டும். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. சொட்டு விட்டுப் பார்த்தே புறங்கையெல்லாம் புள்ளி. விருந்தாளி உடம்பு இளக, யாரோ ஒருத்தி உடம்பு வேகத்தானே வேண்டும்?

முந்தாநாள் ஆவிக்குளியல் அறையில் வால்வு பிய்த்துக்கொண்டது. கசிகிறதென்று மூன்று வாரமாகச் சொன்னார்கள். "சீசன் முடியட்டும்" என்றார் முதலாளி கோபிநாத். உள்ளே இருந்த கிழவரை வெளியே தள்ளிவிட்டுக் குழாயை மூடிய, கூட வேலை பார்க்கும் அமிர்தவல்லிக்கு வலக்கை முழங்கைவரை வெந்து உரிந்தது. கிழவருக்குப் பழக்கூடை. அவளுக்கு ஒரு குழாய் களிம்பு.

இன்று கட்டோடு வந்தவளுக்காக முதலாளியே காகிதமும் மைப்பெட்டியுமாகக் கீழே இறங்கி வந்தார்.

"உன் கவனக்குறைவால நடந்ததுன்னு இதுல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு."

"போட்டா வைத்தியத்துக்கு ஒண்ணும் கெடைக்காதே சார்?"

"கெடைக்காது. இந்தக் கையப் பாத்தா எவன் வந்து படுப்பான்?"

"வெரல் மடங்கல சார்."

"எடது கை இருக்குல்ல? பெருவெரலுக்குப் படிப்பா வேணும்?"

அவள் இடது பெருவிரலை இழுத்து மையில் அழுத்தினார். வெந்த கை மேசை விளிம்பில் இடித்தது. அலறினாள். அவர் விடவில்லை. பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த மசாஜ்காரி துர்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞானமேரி அடுப்பை அணைத்தாள். எண்ணெய் சொட்டும் கையோடு போய் அந்தப் பெருவிரலைப் பொத்திப் பிடித்தாள். முதலாளி மல்லுக்கட்டிக் காகிதத்தில் பதித்தபோது ரேகை விழவில்லை. கரிய தீற்றல்தான் விழுந்தது.

"என்னடி பண்ற?"

"எண்ணெய்க் கை சார். நீங்க குடுத்த வேலதான்."

"வேற காகிதம் இருக்கு. நீயும் வீட்டுக்குப் போறியா?"

"போறேன். இவளுக்கு வைத்தியத்துக்கு வழி பண்ணுங்க, போறேன்."

துர்கா திரும்பினாள். வெதுவெதுப்பான எண்ணெய் உருளியில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு அமிர்தவல்லியை ஒட்டி வந்து நின்றாள்.

"மொதல்ல என் வெரலப் புடிங்க சார், பாப்பம்."

அவள் பின்னால் மசாஜ் பிரிவின் மற்ற ஆறு பேரும் வந்தார்கள். மேலே போன் அடித்தது. எட்டு மணி விருந்தாளி படுத்துக் காத்திருக்கிறாராம் என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாளைக்கே கேரளாவுலேர்ந்து ஆள் எறக்குவேன்!"

"எறக்குங்க" என்றாள் ஞானமேரி. "அவங்களுக்கும் அந்த வால்வக் காட்டுறோம்."

அமிர்தவல்லியை நடுவில் வைத்து எட்டுப் பேரும் மாடிக்குப் போகும் வழியை அடைத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். வலியில் அவளுக்குப் பல் கிட்டியது. போன் அடித்துக்கொண்டேயிருந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.