ஷாஃப்ட் வண்டி

சித்ரா திண்டிவனத்துக்கு வருகிறாள் என்று தெரிந்த அன்றே பாண்டுரங்கன் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார். பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது உள்ளே ‘டக்’ என்றது. செயின் இல்லாத பழைய ஜெர்மன் மோட்டார் சைக்கிள் அது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரைக்கும் ஓர் இரும்புக் குழாய்க்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் ஓடும். சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் அதற்கேற்ப வளைந்துகொடுக்க முன்முனையில் ஒரு கிராஸ் ஜாயின்ட். அது எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். புதுச்சேரிப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது அவரிடம் விற்றுவிட்டுப் போன வண்டி. கல்யாணமான புதிதில் சித்ராவை அதில் உட்காரவைத்துச் சொந்த ஊரான காணையிலிருந்து மரக்காணம் வரை போயிருக்கிறார்.

மகள் இளவரசியின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனவள் சித்ரா. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்துவிட்டாள். மூன்று வருடம் ஓடிவிட்டது. அவரையும் கூப்பிட்டார்கள். பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அந்த மாடி வீட்டில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நிலத்து மல்லாட்டைக்குக் களை எடுக்கணும் என்று சொல்லித் திரும்பிவிட்டார். வீட்டில் ஒரு ஆளுக்கு உலை வைக்க மட்டும் அவருக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

இப்போது திண்டிவனத்தில் அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலமே அங்கிருந்து பெங்களூர் பஸ். வீட்டுக்கு வர நேரமிருக்காது என்று போனில் சொன்னாள். வண்டி எடுத்துக்கினு வர்றேன், மத்தியானச் சோறு நம்ம வீட்டில் என்றார். “ஓடுதா அது?” என்று கேட்டாள்.

குழாயிலிருந்து வடிந்த எண்ணெய் கறுப்பாக இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் இரும்புப் பொடி மின்னியது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து பாதி எண்ணெய் வெளியே போயிருந்தது. புது உறைக்கு எங்கெங்கோ கேட்டும் கிடைக்கவில்லை. லாரி டியூபை வெட்டி மேலே சுற்றிக் கிளிப் போட்டு இறுக்கினார். புது எண்ணெய் ஊற்றினார். இரண்டு பேர் பாரம் தாங்குமா என்ற கேள்வியை மட்டும் தள்ளி வைத்தார்.

கல்யாண மண்டப வாசலில் சித்ரா போனில் பேரப்பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஆயா ராத்திரி வந்துடுவேன், அழக்கூடாது என்று அவள் சொன்னபோது அவள் குரலில் இருந்த தவிப்பு அவருக்குத் தெரியாததல்ல. வண்டியைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் தோளில் கை வைத்தாள்.

மெதுவாகத்தான் ஓட்டினார். விக்கிரவாண்டி தாண்டியதும் காலடியில் கரகரவென்று சத்தம். சர்வீஸ் ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். டியூப் சுற்று நழுவி எண்ணெய் ஒழுகியிருந்தது. குழாய் கைவைக்க முடியாத சூடு.

“ஆறினதும் கிளிப்பை இறுக்கி எண்ணெய் ஊத்திக்கினு போலாம். ஊருக்கா, திண்டிவனத்துக்கான்னு நீ சொல்லு,” என்றார்.

அவள் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இளவரசி மறுபடியும் முழுவாம இருக்குதுங்க. போன்ல சொல்ல மனசு வரல.”

அவர் தலையாட்டினார். நல்ல சேதிதான். இன்னும் எத்தனை வருடம் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

“நீங்களும் அங்க வந்துடுங்களேன்.”

“வந்து?”

பல்பொடி விளம்பரம் ஒட்டிய டவுன் பஸ் ஒன்று நின்று, ஏறுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனது. அவள் பையிலிருந்து கல்யாண வீட்டு லட்டை எடுத்து, பிட்டு அவருக்குப் பாதி கொடுத்தாள். தின்றார்கள். வெயில் சாய்ந்து மரநிழல் ரோட்டின் குறுக்கே நீண்டது.

பாண்டுரங்கன் எழுந்துபோய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருந்தது. குனிந்து டூல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

சித்ராவும் வந்து குழாயின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

“இன்னும் சுடுதுங்க,” என்றாள்.

அவர் ஸ்பேனரைத் திரும்பப் பைக்குள் போட்டார். இருவரும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். கரும்பு லாரி ஒன்று தோகைகளைக் காற்றில் உதிர்த்துக்கொண்டே முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் போனது.