ஒன்பது அடி

கடைத் தரையில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். அதன்மேல் நின்று பார்க்கச் சொன்னாள் விற்பனைப் பெண். டேப்புக்கும் டிவிக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது. திரையில் ஒரு கிளி கழுத்தைச் சாய்த்தது. என் கணவர் இன்னும் அரையடி முன்னால் போய், "இது படம். நம்ம வீட்டுல ஓடுறது வெறும் மூட்டம்" என்றார்.

வீட்டு டிவிக்கு ஒரு குறையும் இல்லை. செய்தி வாசிப்பவரின் மச்சம்கூட எனக்குத் தெரிகிறது.

அவர் கார்களுக்கு வண்ணம் அடிப்பவர். நசுங்கிய கதவை நிமிர்த்தியபின் பழைய வண்ணத்தோடு இழையும்படி புதியதைக் கலப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை உண்டென்பார். சட்டைக்கு நூல்கண்டு வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். போன மாதம் இரண்டு கார்கள் பட்டறைக்குத் திரும்பி வந்தன. ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரிகிறதாம். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று முதலாளி பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். இவர் முதலில் பட்டறையின் புது விளக்குகளைக் குறை சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடியை. கடைசியில் டிவியை.

அதற்கு முன்பே, துவைக்க எடுத்த சட்டைப் பையில் நான்காக மடித்த சீட்டைப் பார்த்துவிட்டேன். என்னிடம் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போயிருக்கிறார். நரம்பு பழுது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து. சீட்டை அதே மடிப்பில் மடித்து வைத்தேன். அந்தச் சட்டையை அன்று துவைக்கவில்லை. இருபத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் சொல்லாத முதல் விஷயம் அது. நான் கேட்காத முதல் விஷயமும்.

அவர் திரையோடு ஒன்றி நின்றபோது விற்பனைப் பெண் என்னை ஓரமாக அழைத்து, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று கேட்டாள். ஒன்பதடி என்றேன்.

"அக்கா, இது எய்ட்-கே, புள்ளி புள்ளியா நுணுக்கமாத் தெரியற படம். அவ்ளோ தூரத்துல சாதா டிவிக்கும் இதுக்கும் யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. இதுக்குன்னு எடுத்த படமும் அதிகமா வர்றதில்ல. உங்களுக்கு இது வீண். நான் சொன்னேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க."

நல்ல பெண். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. "பரவால்லம்மா, இதையே குடு" என்றேன்.

மறுநாள் ஒருவர் வந்து டிவியை மாட்டி, கடையில் ஓடிய அதே படத்தைப் போட்டுக் காட்டினார். அதே இசை. இவர் தன் நாற்காலியில், ஒன்பதடி தள்ளி, சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா அந்தக் கிளிய? ஒவ்வொரு இறகா எண்ணிடலாம்."

திரையில் கிளி இல்லை. பச்சைக் குடை பிடித்த ஒரு பெண் பாலத்தின்மேல் நடந்துகொண்டிருந்தாள். மாட்ட வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க, எண்ணிடலாம்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அவர் குளிக்கப் போகும் நேரத்தில் அவருடைய நாற்காலியை நான்கு விரல் முன்னால் நகர்த்தினேன். கால்கள் பல வருடம் ஊன்றியிருந்த இடத்தில் நான்கு வெளிறிய வட்டங்கள். அவற்றை மறைக்கக் கால்மிதியடியை இழுத்தேன். யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று தோன்றியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரம் போயிற்று. அவர் எதுவும் கேட்கவில்லை. மாலைகளில் முகங்கள் கொஞ்சம் பிடிபட்டன போலும். இந்த ஆளுக்கு யார் மீசை ஒட்டினது என்று கேலி செய்தார். என் நாற்காலி பழைய இடத்திலேயே கிடந்தது. பதில் சொல்ல நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

நேற்றுக் காலை கடைக்குப் போய்த் திரும்பினேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். நாற்காலியைத் தள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றேன். அதன் பக்கத்தில், கைப்பிடியோடு கைப்பிடி ஒட்டி, என் நாற்காலி. தரையில் அதை இழுத்து வந்த கோடு, இரண்டு இடத்தில் தடுமாறி வளைந்திருந்தது. என் இருக்கையில் ஒரு சின்னச் சொட்டு மருந்துப் புட்டி. மூடியின் முத்திரை இன்னும் உடையவில்லை.