ஊதிக் காட்டுங்க

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒரு கண் டாக்டர் வீட்டில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, இமையை மூடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் பேசினார். பெயர் மயிலம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"எங்கப்பனுக்கும் இதே காஞ்ச கண்ணுதானுங்க. எந்நேரமும் செவந்தே கெடக்கும். குடிக்கிறாருன்னு ஊரே பேசுச்சு. எங்கம்மாளும் நம்புச்சு."

கண்ணைத் திறக்க முடியாததால் கேட்டுக்கொண்டே இருந்தேன். விட்டுப்போன இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எங்கே நிரப்பினேன் என்பதை முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: ராசிபுரத்துச் சாலையில் செம்மண் புழுதி மாலை வெயில் பட்டுப் பொன்னாக எழும்பி…

அடித்துவிட்டேன். அந்தப் புழுதியை அழகாக எழுதக் கூடாது. மயிலம்மாளின் அப்பன் சென்றாயனின் கண்ணைக் கெடுத்ததில் அதற்கும் பங்குண்டு.

சென்றாயன் ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் பஸ் ஓட்டினான். பஸ்ஸின் முன்கண்ணாடி உடைந்து போயிருந்தது. முதலாளி கைலாசம் புதிது போடவில்லை. காற்றும் மண்ணும் நேரே முகத்தில் அடித்தன. வீடு திரும்பும்போது கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோலச் சிவந்திருக்கும். மணல் விழுந்ததுபோல உறுத்தும், இமைத்தால் ஒட்டும்.

அவன் மனைவி அத்தாயி நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினாள். விளக்கெண்ணெய் விட்டாள். அடுத்த வீட்டு ராசம்மாள் அப்போது பிள்ளை பெற்றிருந்தாள். அவளிடம் தாய்ப்பால் வாங்கி ஊற்றினாள். சிவப்பு போகவில்லை.

(இதில் எதையும் நீங்கள் செய்து பார்க்காதீர்கள். கதையில் படித்தேன் என்று யாராவது… சரி, விடுங்கள்.)

3

கல்யாணமான புதிதில் சென்றாயன் கள் குடித்தவன்தான். [ஒரு வரைவில் இதை மறைத்தேன். உடனே அத்தாயி கொடுமைக்காரியாகிவிட்டாள். அது நியாயமில்லை.] ஒருமுறை குடித்துவிட்டு அவளை அடித்தான். விடிந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து அழுதான். அன்றோடு கள்ளை விட்டவன் அப்புறம் தொடவேயில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடைகளை மூடினார்கள். அதுவரை சிவந்த கண் வெறும் சிவந்த கண்ணாக இருந்தது. அதன்பிறகு அது குற்றம்.

"சட்டமெல்லாம் நமக்குத்தானாட்ட இருக்குது, டிரைவருக்கு இல்லீங்க" என்று பஸ் நிற்கும் இடத்தில் சிரித்தார்கள். கைலாசம் காலையில் பிரயாணிகள் முன்னாலேயே, "எங்க சென்றாயா, ஊது" என்பார். அவன் ஊதுவான். வாசம் இருக்காது. "அப்பறம் ஏண்டா கண்ணு இப்படி?" அவனுக்கே தெரியாது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான்.

4

ஒரு மத்தியானம் அத்தாயி சோற்று வட்டிலை அவன் முன்னால் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஏனுங்க, நெசத்தச் சொல்லுங்க."

"என்னத்த?"

"மலையடிவாரத்துல திருட்டுத்தனமா காச்சுறாங்களாமா. நீங்க அங்க பஸ்ஸ நிறுத்துறீங்கன்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசுனா?"

"யாரு பேசுனா என்னங்க? ஒருக்கா ஊதிக் காட்டுங்க."

அவன் வெகுநேரம் அவளைப் பார்த்தான். [வெகுநேரம் என்பது நான் சேர்த்தது.] பிறகு குனிந்து அவள் முகத்துக்கு நேரே ஊதினான். பசித்த வாயின் காற்று, வேறொன்றுமில்லை.

"போதுமா?"

"வாயக் கொப்புளிச்சுட்டு வந்திருப்பீங்க."

சாப்பிடாமல் எழுந்து போனான். சுவருக்கு அந்தப் பக்கம் ராசம்மாள் எல்லாம் கேட்டாள். அவள் சொல்லித்தான் மயிலம்மாளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் அத்தாயியை அழவைத்திருந்தேன். உண்மையில் அவள் வட்டிலை மூடிவைத்தாள், அவ்வளவுதான்.

5

குடியை டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்து, அவளே அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சுவாமிநாதன் மை ஒற்றும் தாளைக் கீற்றாக நறுக்கி, அவன் கீழிமை ஓரத்தில் செருகினார். சற்றுப் பொறுத்து எடுத்துக் காட்டினார். நுனிகூடச் சரியாக நனையவில்லை.

"கண்ணில் தண்ணி ஊறணும்மா. இவருக்கு ஊறலை. காஞ்ச கண்ணு, காத்தும் புழுதியும் பட்டா சிவக்கத்தான் செய்யும்."

"குடிச்சா இப்படி ஆகுமுங்களா, சாமி?"

"குடியா? நான் அதைப் பத்திப் பேசவே இல்லையே?"

சொட்டு மருந்து கொடுத்தார். வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஒத்தடம் வைக்கச் சொன்னார். முழுக்கத் தீராது, அடக்கி வைக்கலாம் என்றார்.

சென்றாயன் பஸ் வேலையை விட்டான். நாமகிரிப்பேட்டையில் ஒரு தோட்டத்துக்குக் காவலுக்குப் போனான். வீட்டுக்கு வந்துபோனான். சண்டை இல்லை. ஆனால் அத்தாயியிடம் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் கேட்டாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்டான்.

"சாகுற வரைக்கும் அப்படித்தானுங்க" என்றார் மயிலம்மாள். "எங்கம்மா ஒத்தடத்த ஒரு நாளும் நிறுத்துனதில்ல. அன்னைக்குச் சொன்னதப் பத்தி ஏதாச்சும் பேசுச்சான்னு எனக்குத் தெரியாதுங்க."

6

ஒரு முடிவில் அவள் மன்னிப்புக் கேட்டாள், அவன் திரும்பிப் பார்த்தான். நாடகம் மாதிரி இருந்தது. இன்னொன்றில் அவன் செத்த பிறகும் அவள் துணியை நனைத்துக்கொண்டு… வேண்டாம், கிழித்துவிட்டேன்.

என்னிடம் மிஞ்சியது ஒரு காலை நேரம். அவன் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறான். கண்மேல் வெந்நீர்த் துணி. கண்ணுக்கு எதுவும் தெரியாததால் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அவன் முகம் அவளுக்கு நேராக இருப்பது ஒத்தடத்தின்போது மட்டும்தான். அவள் குனிகிறாள்.

"ஏனுங்க."

"ம்."

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. மயிலம்மாளுக்கே தெரியாததை நான் எழுத மாட்டேன். உங்களால் அவளைச் சொல்லவைக்க முடியுமானால் சொல்லவையுங்கள்.

துணி ஆறிக்கொண்டிருக்கிறது.