குனிந்து நடந்த முர்த்தினா

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து வந்தது. ஜாவாவின் சோலோ நகரில், நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மாலை, பக்கத்து வீட்டு சுப்ரப்தி தன் மருமகளைப் பற்றி வேலியோரம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எப்படிக் குனிஞ்சு போறா பாரு. இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் புத்தி வந்திருக்கு."

நான் கேட்டது இவ்வளவே. மீதியை இட்டுக்கட்டுகிறேன். கல்லூரியில் கதை எழுதும் வகுப்பில் அதற்குத்தான் மதிப்பெண் தருகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: 'முர்த்தினாவின் வயிறு வில்லின் நாணைப் போல—'

[வேண்டாம். நாண் என்றால் அம்பு பாயும். இந்த வயிறு இழுக்கும், அவ்வளவுதான்.]

இரண்டாம் தொடக்கம், உவமை இல்லாமல்: ஜகார்த்தாவில், புற்றுநோய் என்று முர்த்தினாவின் இடது மார்பை எடுத்தார்கள். அடிவயிற்றுச் சதையை வெட்டி அந்த இடத்தில் புது மார்பு செய்தார்கள். வயிற்றில் மிஞ்சிய தோலை இழுத்துத் தைத்தார்கள். அன்று முதல், யாரோ சாரோங் கைலியை மூச்சுமுட்டக் கட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. அவிழ்க்கத்தான் முடிச்சு இல்லை.

[உவமை வந்தேவிட்டது.]

நிமிர்ந்தால் தையல் இழுக்கிறது. ஆகவே குனிந்தே நடக்கிறாள்.

3

மாமியாரிடம் எதையும் சொல்லவில்லை. ஜாவாக்காரர் வீட்டில் பெரியவர்களைக் குனிந்துதான் கடக்க வேண்டும். முர்த்தினா முன்பெல்லாம் விறைப்பாக நடப்பாள். "போலீஸ்காரி வர்றா, வழி விடுங்க" என்பது சுப்ரப்தியின் வழக்கமான குத்தல்.

இந்த முறை பெருநாளுக்கு ஜகார்த்தாவிலிருந்து வந்தவள் வாசலிலிருந்தே குனிந்து வந்தாள். கிழவி அசந்துபோனாள். தேங்காய்ப்பால் கோழிக்குழம்பின் நல்ல துண்டு முதன்முறையாக மருமகள் தட்டில் விழுந்தது. முர்த்தினா சமையலறைக்குள் போய் அழுதாள். [வலியாலா, கோழியாலா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை என்றால்—]

கணவன் ஹர்சோனோ பின்னாலேயே வந்தான். சொல்லிவிடலாமே என்றான். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து பழகாவிட்டால் முதுகு இப்படியே பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினான்.

"நிமிந்தா பழைய போலீஸ்காரி. சொன்னா நோயாளி," என்றாள் அவள். "இப்பத்தாங்க அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு. ரெண்டு நாள் விடுங்களேன்."

4

பெருநாள் காலை. பெரியவர்களின் முழங்காலில் நெற்றி வைத்து, வருடத்துப் பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும் நேரம். முர்த்தினா மண்டியிட்டாள். நெற்றி வைத்தாள். எழ முடியவில்லை.

கிழவி அவள் தோளைத் தொட்டாள். "போதும் தாயி. எழுந்து நேரா நில்லு, உன் முகத்தைப் பாக்கணும்."

முடிவு ஒன்று: பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்கிறாள், சிரிக்கிறாள், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. [எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: கிழவிக்கு எல்லாம் முன்பே தெரியும், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். [தெரியாது. தெரிந்திருந்தால் வேலியோரம் நான் கேட்ட அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.]

மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அவளைப் பாதி எழுந்த நிலையில் விட்டிருக்கிறேன். ஒரு கை மாமியாரின் முழங்காலில், ஒரு கை வயிற்றில். ரொம்ப நேரம் அப்படி இருக்க அவளால் முடியாது.