இருபது இடத்து மண்

கூடத்தில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் மகள் அலமாரிக்குள் தலையை விட்டுத் துணிகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். தேடிய மண் பரிசோதனை அறிக்கை எப்போதோ கிடைத்துவிட்டது. அது அவள் கையில்தான் இருந்தது.

"கெடைச்சுதாம்மா?" மாட்டு டாக்டர் கூடத்திலிருந்து கேட்டார்.

"தேடறேன் சார்."

நேற்றுக் காலை மேய்ச்சல் நிலத்தில் அப்பாவை முட்டிச் சாய்த்தது மகாராணி. முப்பது மாடுகளில் அதைப்போலச் சாது கிடையாது. அதன் முதுகில் சாய்ந்துகொண்டுதான் அப்பா பேப்பர் படிப்பார். அந்த வாயில்லா ஜீவன் கண்ணை உருட்டிக்கொண்டு தள்ளாடி ஓடிவந்து மோதியது. அரை மணி நேரத்தில் அதுவும் காலை உதைத்துக்கொண்டு செத்தது. வந்தவர்கள் வெறி என்றார்கள், கெட்ட நேரம் என்றார்கள். டாக்டர் மட்டும் அப்பா நிலத்துக்கு என்ன உரம் போட்டார் என்று கேட்டார். மண் பரிசோதனை அறிக்கையை எடுத்துவரச் சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன் அப்பா அவளிடம் மண் எடுக்கும் இரும்புக் குழாயையும் வாளியையும் கொடுத்தார். நிலம் முழுக்கக் கோணல்மாணலாக நடந்து, இருபது இடத்தில் குத்தி எடுத்துக் கலக்க வேண்டும். தரை இறுகிக் கிடந்தது. தோழி வேறு போனில் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்குப் பக்கத்து மணல்மேட்டில் மட்டும் குழாய் சொன்னபடி இறங்கியது. அங்கேயே இருபது குத்து குத்தினாள். படிவத்தில் இருபது இடம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மணலில் சத்து தங்காது; பொட்டாஷ் சத்து அடிமட்டம் என்று அறிக்கை வந்தது. அப்பா நிலம் முழுக்க மூட்டை மூட்டையாகப் பொட்டாஷ் இறைத்தார். "எம் பொண்ணு எடுத்துக் குடுத்த மண்ணு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

"பொட்டாஷ் மிஞ்சிட்டா புல்லுல மக்னீசியம் ஏறாது," டாக்டர் யாரிடமோ சொல்வது கேட்டது. "அது கொறைஞ்சா எந்தச் சாதுவும் மிரண்டு பாயும். ஒண்ணுக்கு வந்தா மத்ததுக்கும் வரும்."

இனி ஒளிக்க முடியாது. வெளியே வந்து அறிக்கையை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அட, நிலத்துல பொட்டாஷே இல்லையே! அப்ப அளவாத்தான் போட்டிருக்கார். இது வேற ஏதோ."

தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்காக அவளால் பிற்பாடு தன்னை மன்னிக்க முடியவில்லை.

"அப்ப நான் போயி மாட்ட ஓட்டிக்கிட்டு வந்துடறேன்." அம்மா எழுந்து அப்பாவின் கம்பை எடுத்தாள். "நேத்துலேருந்து மடி கட்டிக் கெடக்கு. அவரு இருந்தா விடுவாரா?"

மகள் ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டருகே ஒரு மாடு காதை விடைத்துக்கொண்டு நின்றது. அதன் தோல் சும்மாவே துடித்தது.

"அம்மா, போகாத!"

"ஏன்டி?"

"நான் இருபது இடத்துல எடுக்கலம்மா. எல்லாம் அந்த மேட்டுலயே எடுத்தேன்."

டாக்டர் அறிக்கையை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து மற்ற மாடுகளுக்கான மக்னீசியம் மருந்துப் பாட்டில்களை எடுக்க ஆரம்பித்தார்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கம்பைச் சுவரில் சாத்தினாள். கதவுக்குப் பின்னாலிருந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். குழாயின் நுனியில் மேட்டு மணல் இன்னும் ஒட்டியிருந்தது. அதை அப்பாவின் துண்டால் துடைத்தாள். மணல் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.